சக்கரவர்த்திக்கு ஏற்ற விளையாட்டு

ஒருவருக்குப் பிடித்த விளையாட்டைத் தேடிக் கொடுப்பது செருப்பு வாங்கிக் கொடுப்பது மாதிரிதான். நமக்குப் பிடித்திருந்து பயனில்லை. போட்டுக்கொள்கிறவரின் கால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கணவர் விளையாடியது ஒரே வகைதான், விண்வெளிப் பேரரசு விளையாட்டுகள். ஒரு கிரகத்தில் தொடங்க வேண்டும். கப்பல் கட்டி அடுத்த கிரகத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். வழியில் மீன் முகமும் பூச்சி முகமும் கொண்ட அரசர்கள் குறுக்கிடுவார்கள். அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, பிறகு அதை மீறி, கடைசியில் வானம் முழுவதையும் தன் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவருடைய நிறம் மஞ்சள். கல்யாணமான புதிதில் என்னைக் கூப்பிட்டு, "பாரு, இதுவரைக்கும் நம்ம எல்லை" என்று திரையில் விரலை வைத்துக் காட்டினார். எங்கள் வீட்டு எல்லை எதுவரை என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்ட வந்தபோது நான்தான் போய்ச் சண்டை போட்டேன்.

மனதுக்குள் அவரைச் சக்கரவர்த்தி என்றுதான் சொல்லிக்கொள்வேன். கோடிக்கணக்கான மக்களுக்குப் படியளக்கிற சக்கரவர்த்திக்கு கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் மாற்றத் தெரியாது. ஒரு சூரியனையே வெடிக்க வைக்கிறவர், பால் பொங்கினால் "ஏம்மா, ஏதோ பொங்குது" என்று தகவல் மட்டும் சொல்வார்.

நான் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். வீட்டிலிருந்தே வேலை. கூடத்தின் ஒரு மூலையில் என் மேசை, எதிர்மூலையில் அவருடையது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து வந்ததும் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். எங்கள் இல்லறம் பெரும்பாலும் அந்த முதுகோடுதான் நடந்தது. வந்து போகிறவர்கள் எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். "எப்படி அண்ணி பொறுத்துக்கறீங்க? நானா இருந்தா அந்தப் பெட்டியத் தூக்கித் தெருவுல போட்டிருப்பேன்" என்பாள் என் நாத்தனார். நான் சிரிப்பேன். அவர்கள் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அவருடைய இடது கால் வீங்கியது. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"ஒரே இடத்துல ரொம்ப நேரம் உக்காருவீங்களா சார்?"

"கொஞ்ச நேரம்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "கண்ணு முழிச்சதுலேருந்து மூடற வரைக்கும்" என்றேன்.

"சார், இந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. மணிக்கொரு தரம் எந்திரிச்சு நடக்கணும். தண்ணி நிறைய குடிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதாம்மா பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். சில மாதங்கள் மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். மாத்திரையில் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. வைத்திருந்தால் அது கொலை. பிறகு டாக்டரே அதை நிறுத்திவிட்டார். "இனிமே உங்க நடைதான் சார் மருந்து" என்றார்.

சக்கரவர்த்தி பயந்துவிட்டார். கம்ப்யூட்டரின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"என்ன பண்றே?"

"வெங்காயம் நறுக்கறேன்."

"இவ்வளவு பொடியாவா?"

"ஆமா."

"தினமும் இப்படித்தானா? நான் கவனிச்சதே இல்ல பாரு."

பிறகு என் மேசைக்கு வந்தார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, நான் திருத்தும் பக்கத்தைச் சத்தம் போட்டு வாசிப்பார். "இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லாத, நான் கண்டுபிடிக்கறேன்" என்பார். கண்டுபிடிக்க மாட்டார். அலமாரியில் நான் கை பழகி வைத்திருந்த டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். சாயங்காலம் என்னை நடக்க அழைத்துப் போனார். தெருமுனை வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தன் பள்ளிக்கூடக் கதைகள், அப்பாவிடம் வாங்கிய அடிகள், அலுவலகத்தில் யாரோ தன்னை மதிக்காதது எல்லாவற்றையும் சொன்னார். ஒருநாள் நடுத்தெருவில் நின்று கண்கலங்கினார்.

"இத்தனை வருஷம் உன்னப் பாக்காமலே இருந்துட்டேன். இனிமே பாரு."

இனிமேல் பார் என்று அவர் சொன்னது என் காதில் மிரட்டலாகத்தான் விழுந்தது. முதுகோடு வாழப் பழகியவளுக்கு ஒரு முழு முகம் அதிகம். இதை யாரிடமும் சொல்ல முடியாது. புருஷன் திருந்திவிட்டான் என்று எந்தப் பெண் போய்ப் புகார் கொடுப்பாள்? நாத்தனார் போனில் அழுதாள். "கடவுள் உங்களுக்குக் கண்ணத் தொறந்துட்டாரு அண்ணி."

அந்த மாதம் பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு புத்தகத்தின் அட்டையே பிழையோடு அச்சாகிவிட்டது. நான் பார்த்துக் கையெழுத்திட்ட அட்டை. அன்று என் பின்னால் நின்று அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருந்தது. போனை வைத்துவிட்டுத்தான் தேட ஆரம்பித்தேன்.

இந்த விளையாட்டுக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. "உடம்பு சரியில்லாமல் இருந்து தேறிவரும் என் கணவருக்கு, பொழுது போவதே தெரியாத விண்வெளிப் பேரரசு விளையாட்டு ஒன்று வேண்டும். பழையதோ புதியதோ, எதுவானாலும் சரி" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பதில்கள் குவிந்தன. சொந்த மனைவிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்திராதவர்கள், முகம் தெரியாத ஒருத்தியின் கணவருக்காகப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பழையதுதான் உசத்தி என்று ஒரு கட்சி. புதியதில்தான் ஆழம் என்று இன்னொரு கட்சி. "சகோதரி, இவர் பேச்சைக் கேட்காதீர்கள், இவர் எந்த ஆட்டத்தையும் முடித்ததே கிடையாது" என்று ஒருவர். அதை மறுத்து ஒரு பல் மருத்துவர் எழுதிய கட்டுரைக்கு நான் மெய்ப்புத் திருத்தியிருந்தால் பாதிப் பக்கம்கூடத் தேறாது. எல்லாவற்றையும் படித்தேன். தேவையான விஷயமாக இருந்தால் நான் முட்டாள்களையும் கவனமாகப் படிப்பேன்.

முதலில் புதியது ஒன்று வாங்கிப் போர்வையை விலக்கி வைத்தேன். "நீயா தேடினே? எனக்காகவா?" என்றார். குழந்தை மாதிரி முகம். ஆனால் ஆட்டம் சரியில்லை. அதில் காலம் தானாக ஓடும், வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். அவர் நிறுத்திவிட்டு எழுந்து என்னிடம் வந்தார். "ஏம்மா, இங்க வாயேன், ஒரு நட்சத்திரம் சாகுது பாரு, என்ன கலரு!" இருந்த தொல்லையோடு நட்சத்திரத் தொல்லையும் சேர்ந்துகொண்டது. அடுத்ததில் ஒரு பெண் மந்திரி விடாமல் ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தாள். மக்கள் மகிழ்ச்சியாக இல்லை, களஞ்சியம் காலி, எதிரி நெருங்குகிறான். பாதியில் அதையும் விட்டுவிட்டார். அரசாங்கமே கையில் இருந்தும் குறை கேட்கப் பிடிக்காத ஆள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடைவேளை உள்ள ஆட்டத்திலிருந்து மனிதன் எழுந்துவிடுவான். முழுக்க இடைவேளையாகவே இருக்கும் ஆட்டத்திலிருந்து எழமாட்டான். அது அவசரப்படுத்தாது. அவன் காய் நகர்த்தும்வரை காத்திருக்கும். காத்திருக்கிற ஒன்றை விட்டுவிட்டு எழுந்து போக யாருக்கும் தோன்றுவதில்லை.

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைக்காமலே பேசினார்.

"நடுவுல நிறுத்தற மாதிரி இருக்கக் கூடாது" என்றேன்.

"அப்ப டர்ன் போடற ஆட்டம்தாங்கக்கா வேணும், நாம ஆடற வரைக்கும் அது காத்திருக்கும். இது ரொம்பப் பழசு, படமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கும். ஆனா உக்காந்தா எந்திரிக்க முடியாது. என் பார்ட்னர் இதனாலதான் கல்யாணத்துக்கே லேட்டா போனான்."

"யார் கல்யாணம்?"

"அவன் கல்யாணந்தான்."

"எந்திரிக்க முடியாதுன்னு நிச்சயமா சொல்றீங்களா?"

"அவரு எந்திரிச்சாருன்னா திருப்பிக் கொண்டாங்கக்கா. காச அப்படியே வெச்சுடறேன்."

திருப்பிக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. இளம் வயதில் அவர் ஆடி, பிறகு எங்கோ தொலைத்த ஆட்டம் அது. முதல் இசையைக் கேட்டதுமே நாற்காலி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நான் என் மேசையில் உட்கார்ந்து, நெடுநாளைக்குப் பிறகு ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் படித்தேன்.

ஆனால் அவர் பயந்த மனிதர், சொன்னேன் அல்லவா. மணிக்கொரு தரம் அடிக்கும்படி போனில் அலாரம் வைத்திருந்தார். அடித்ததும் எழுந்து, கூடத்தைச் சுற்றி வந்து, என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போய் உட்காருவார். நான் அந்த அலாரம் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றேன்.

"அப்ப எப்படி எனக்கு ஞாபகம் வரும்?"

"நானே வந்து சொல்றேன்."

"மறந்துட மாட்டியே?"

"நான் எதையாவது மறந்திருக்கேனா?"

உடனே அலாரத்தை எடுத்துவிட்டார். ஆரம்பத்தில் நான் ஒழுங்காகப் போய்ச் சொன்னேன். பிறகு வேலை மும்முரத்தில் கொஞ்சம் தள்ளிப்போனது. பிறகு சாப்பாட்டு வேளைக்கு மட்டும் சொன்னேன். பிறகு சாப்பாட்டையே தட்டில் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டுச் சின்ன டம்ளர் வைத்தேன். தண்ணீர் அதிகம் உள்ளே போனால் அடிக்கடி எழ வேண்டியிருக்கும். நாற்காலிக்கு ஆழமான மெத்தை வாங்கிப் போட்டேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "ராஜா மாதிரி வெச்சிருக்கீங்க அண்ணி" என்றாள்.

கடைசி நாள் சாதாரண நாள்தான். வெயில் கூடத்தில் பாதி தூரம் வந்திருந்தது. திரையில் மஞ்சள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் பரவியிருந்தது. அவர் திரும்பாமலே பேசினார்.

"கால் இழுக்கற மாதிரி இருக்கு. வாயேன், கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

"எவ்வளவு பாக்கி?"

"பூச்சி ராஜா ஒருத்தன்தான். அவன்கிட்ட இன்னும் ஒரு மூலை இருக்கு."

"முடிச்சிட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

"போயிட மாட்டியே?" என்று சிரித்தார். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அவர் ஒருமுறை இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். மெத்தை ஆழமாக இருந்ததால் முதல் முயற்சியில் முடியவில்லை. அப்போதுதான் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பக்கத்தின் கடைசி வரியை முடித்துவிட்டு நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

"நீங்க சொல்லலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "சொல்லிச் சொல்லிப் பாத்தேன்" என்றேன். கூட நின்ற எல்லாரும் தலையசைத்தார்கள். அவரை அவர்களுக்குத் தெரியும். இழவுக்கு வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். மன்றத்துக்காரர்கள் அஞ்சலி எழுதினார்கள். கணவனுக்காக ஓடி ஓடி விளையாட்டு தேடிய மனைவி கிடைக்க அவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பல் மருத்துவர் நீளமாக எழுதியிருந்தார். அவர்கள் யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை. அதனால் நானே சொல்கிறேன். அவர் தன் சோம்பலால் சாகவில்லை. அவர் எழுந்து வர விரும்பினார். வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நான் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன். என்னோடு பேச வந்தார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் இருக்கவில்லை.

இப்போது வீடு நான் விரும்பியபடி இருக்கிறது. வேலையில் பிழை வருவதில்லை. சாயங்காலங்களில் மட்டும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன், உடம்புக்கு நல்லது என்பதால். நடக்கும்போது என் இடப்பக்கம் ஓர் ஆள் வரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன். அந்தப் பக்கம் நடைபாதையில் கல் பெயர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.