சிவப்புக் கயிற்றைக் கட்டிய தெரு

ராத்திரி மூன்று பத்து. ஏரிக்கரை ரோடு. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை... மழை விழுந்த இடத்திலேயே ஐஸாக இறுகி, மரக்கிளை எல்லாம் கண்ணாடிக் குழாய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் எங்கேயோ ஒரு கிளை ஒடிந்தது. டப். துப்பாக்கி வெடித்த மாதிரி. அப்புறம் சத்தமே இல்லை.

அந்த ரோட்டில்தான் ரஸ் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

ரஸ் யாரென்றால், நம்மோடு போன வருஷம் கூரை வேலை பார்த்தானே ஆர்லோ, அவன் அக்கா மார்லாவின் புருஷன். கவுண்டியில், அதாவது ஜில்லா நிர்வாகத்தில், பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். ஆர்லோ இதை எனக்குச் சொன்னபோது ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் நாம் படுக்க இந்தக் கராஜைக் காட்டிவிட்டு கான்ட்ராக்டர் போனதும், நான் ஏணி போட்டு ஏறினேன். கதவைத் தூக்குகிற மோட்டாரிலிருந்து தொங்குகிற சிவப்புக் கயிற்றில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை இறுக்கியிருந்தான். அதை வெட்டிப் போட்டேன். "யோவ், அவன் கத்தப்போறான்" என்றீர்கள். கத்தட்டும். ஏன் வெட்டினாய் என்று கேட்டீர்களே... ஹீட்டர் பக்கம் தள்ளி உட்காருங்கள்.

அந்த ஐஸ் ராத்திரிக்கு மூன்று வாரம் முன்னால் ஆரம்பித்தது இது.

ரஸ் குடியிருந்தது முட்டுச் சந்து. பதினோரு வீடு. ஒருநாள் வேலை முடிந்து விடியற்காலையில் வந்தால், அவன் கராஜின் பக்கக் கதவு பிளந்து கிடந்தது. கம்பி போட்டு நெம்பியிருக்கிறார்கள். உள்ளே டிரில் இருந்தது. ரம்பம் இருந்தது. புது பேட்டரி அப்படியே இருந்தது. போனது ஒன்றே ஒன்று. ஆணியில் தொங்கிய பழைய பழுப்புக் கித்தான் ஓவரால், சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடுப்பு. பஞ்சு வைத்துத் தைத்தது, நெஞ்சில் லெஸ்டர் என்று பெயர் போட்டது. அது ரஸ்ஸுடையதுகூட இல்லை. பேங்க் ஏலத்தில் அந்த வீட்டை எடுத்தபோது முந்தின ஆள் விட்டுப்போனது. வீட்டோடு வந்தது.

தரையில் ஒரு ஆள் நீளத்துக்கு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தது. பக்கத்தில் காலி சூப் டப்பா. தக்காளி சூப். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

கழுவி.

ரஸ் அந்த டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருடிவிட்டு ஓடுகிறவனுக்கு டப்பா கழுவ நேரம் ஏது? இங்கே தங்கியிருக்கிறான். ராத்திரி பூரா ரஸ் ரோட்டில். வீட்டில் மார்லாவும் நாலு வயது ஜோனியும் தனியாக. அந்த ஆளுக்கும் குழந்தை தூங்குகிற அறைக்கும் நடுவே இருந்தது ஒரு சமையலறைக் கதவு. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு க்ளென்டா கூட்டம் போட்டாள். எழுபது தாண்டிய விதவை. ஸ்கூல் பஸ்களை எல்லாம் போனிலேயே விரட்டி வேலை வாங்கி ரிட்டயர் ஆனவள். தெரு மொத்தத்துக்கும் போனில் ஒரு குரூப் வைத்திருந்தாள். பேசும்போது பல் செட் கழன்று டக்கென்று ஒட்டும். அந்த டக் கேட்டால் தெருவே வாயை மூடிக்கொள்ளும்.

"இத பாருங்க. கம்பியை வளைச்சு கதவு இடுக்குல விட்டு அந்த சிவப்புக் கயித்தை இழுத்தாப் போதும். மோட்டார் கழண்டுக்கும், கதவைக் கையாலயே தூக்கிடலாம். எட்டு செகண்டு. வீடியோ இருக்கு, காட்டவா? அதனால எல்லாரும் கயித்தைப் பட்டை போட்டு இறுக்கிடுங்க."

"அப்ப கரண்டு போச்சுன்னா கராஜை எப்படித் தொறக்கறது?" மார்லா கேட்டாள்.

"முன்வாசல் வழியாப் போ தாயி. உனக்குக் கால் இல்லையா?"

சிரித்தார்கள். க்ளென்டா மேலும் அடுக்கினாள்: பக்கக் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் சாவி போடுகிற பூட்டு. சமையலறைக் கதவுக்கு வீட்டுப் பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். கடைசியாக ஒன்று சொன்னாள். ராத்திரி சத்தம் கேட்டால் யாரும் வெளியே போகக்கூடாது. லைட்டை மட்டும் போடணும். தெரு முழிச்சிருக்குன்னு அவனுக்குத் தெரியணும்.

எதிர்வீட்டுக் கிழவன் ஹோலிஸ் கேட்டான்: "லைட்டைப் பாத்துட்டு காபி கேட்டு வந்துட்டான்னா?"

"உன் வீட்டுக் காபியா? ஒரு வாய் குடிச்சா இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டான்."

மறுபடி சிரிப்பு. அதற்கு நடுவில் ரஸ் கேட்டான்: "இந்த லெஸ்டர் இப்ப எங்க இருக்கான்?"

டக்.

"தெக்க எங்கயோ. மக வீட்டுக்குப் போயிட்டான்" என்றாள் க்ளென்டா.

பத்தொன்பது வருஷம் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் லெஸ்டர். அவள் புருஷன் செத்த வருஷம் அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியை அள்ளினவன் அவன்தான். லெஸ்டருக்கு மகளே கிடையாது... அது அவளுக்குத் தெரியும்.

சரி. அவள் சொன்ன எல்லாவற்றையும் ரஸ் போட்டான்; கராஜிலிருந்த கருவிகளையும் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். ஐஸ் மழை வந்த அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரஸ்ஸை அவசரமாகக் கூப்பிட்டார்கள். வண்டியைப் பின்னால் எடுத்தான், ரிமோட்டை அமுக்கினான், போனான். கதவு முழுசாக இறங்கின பிறகே நகரவேண்டும் என்று க்ளென்டா அச்சடித்துக் கொடுத்த தாளில் இருந்தது. ஐந்தாவது வரி. மழை அடிக்கிறது, மேஸ்திரி போனில் கத்துகிறான், யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கதவு இறங்கி முடிவதற்குள் ஒரு ஆள் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டான்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.

பத்தரைக்குத் தட்டினான். சமையலறைக் கதவில், கராஜ் பக்கமிருந்து. மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மூன்று தட்டு. கோபமாக இல்லை. விருந்துக்கு வந்தவன் தட்டுகிற மாதிரி.

"அம்மா... உள்ள மாட்டிக்கிட்டேன். எதையும் தொடல. துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு. வெளிய விட்டாப் போதும், போயிடறேன்."

மார்லா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ரொட்டி அறுக்கிற கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, குரூப்பில் எழுதினாள். க்ளென்டாவிடமிருந்து உடனே பதில்: 'தொறக்காதே. எல்லாரும் இப்படித்தான் சொல்வானுங்க.' போலீசுக்குப் போன் போட்டார்கள். ரோடு பூரா மரம் விழுந்து கிடக்கு, விடிஞ்சுதான் வரமுடியும் என்றார்கள். ரஸ்ஸின் போன் கிடைக்கவில்லை.

லைட்டு இல்லை என்பதால் ஜன்னலில் டார்ச்சை வைத்தார்கள். பத்து வீட்டிலும். தெரு மொத்தமும் விழித்திருந்தது. விழித்திருந்து கேட்டது.

மூன்று தட்டு... மூன்று தட்டு... பன்னிரண்டு மணிக்கு இரண்டாகக் குறைந்தது. அப்புறம் வேறொரு சத்தம். எலி கொறிக்கிற மாதிரி. கறக்... கறக்...

மூன்றேகாலுக்கு ரஸ் வந்தான். ரிமோட்டை அமுக்கினான். கதவு அசையவில்லை. கரண்ட் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியை விட்டு இறங்கிக் கதவருகே போனான். உள்ளேயிருந்து ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. முழங்காலுக்கும் கீழே, தரையோடு.

முன்வாசல் வழியாக உள்ளே போனான். மார்லா சொன்னாள். டயர் கழற்றுகிற கம்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்கு வந்தான். தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"வேணாங்க. வெளிச்சம் வரட்டும். ஜோனி இருக்கா."

கையை எடுத்துவிட்டான்.

இதைச் சொல்லும்போது ஆர்லோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். நான் கேட்டேன், நீயாக இருந்தால்? அவன் எழுந்துபோய் ஆணி டப்பாவை மூடினான். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

விடிந்ததும் திறந்தார்கள். சிவப்புக் கயிற்றுக்கு நேர் கீழே பெயின்ட் வாளி கவிழ்த்திருந்தது. அதன் பக்கத்தில், குப்புற, பழுப்பு ஓவராலில் ஒரு ஆள். துணி ஐஸாகிப் பலகை மாதிரி நின்றது. கயிற்றிலிருந்த பிளாஸ்டிக் பட்டையில் பாதி மென்றிருந்தது. விரல் விறைத்துப் போனவனுக்கு வேறு என்ன இருக்கிறது? பட்டை அறவில்லை. சிமெண்ட் தரையில் ஒரு பல் கிடந்தது.

க்ளென்டா கம்பளிச் செருப்போடு வந்து எட்டிப் பார்த்தாள். "லெஸ்டர்" என்றாள்.

அப்போது அவனை யாரும் புரட்டவில்லை. முகம் தெரியவில்லை. நெஞ்சில் தைத்த பெயரும் தெரியவில்லை.

அத்துமீறி நுழைந்தவன், யார்மேலும் தப்பில்லை என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஹோலிஸ் குரூப்பில் போட்டான்: 'எப்படியோ, ஏற்பாடு வேலை செஞ்சிருக்கு.' அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

மார்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவர்களுக்காகத்தானே அத்தனை பூட்டும் போட்டான்? ரஸ் பட்டையை அறுத்தான், பூட்டைக் கழற்றினான், தாழ்ப்பாளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான். தெருவில் வேறு யாரும் கழற்றவில்லை. க்ளென்டா தன் கயிற்றில் இரண்டாவது பட்டையும் போட்டாள். சமையலறைக் கதவுக்கு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற புதுப் பூட்டு ஒன்றும்.

அடுத்த ஜனவரி. மறுபடி ஐஸ். இந்தத் தடவை இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. ரஸ் வேலை முடிந்து வருகிறான். அதே ரோடு. கிளை ஒடிகிறது. டப். வண்டிக் கடிகாரத்தில் மூன்று பத்து.

தெருவில் திரும்பினால்... ஜன்னலுக்கு ஜன்னல் டார்ச். எண்ணினான். ஒன்பது. அவன் வீடு இருட்டு, அது சரி. க்ளென்டா வீடும் இருட்டு.

வண்டியை நிறுத்தினதும் கேட்டது. க்ளென்டாவின் கராஜ் கதவிலிருந்து. மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மூன்று தட்டு.

விளக்கு எண்ணெய் எடுக்கக் கராஜுக்குள் போயிருக்கிறாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. போன் உள்ளே. குளிரில் குரல் எழும்பவில்லை. பதினோரு மணியிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வீடும் கேட்டது. ஒன்பது வீடும் டார்ச்சை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. குரூப்பில் ஹோலிஸ் எழுதியிருந்தான்: 'க்ளென்டா, யாரோ உன் கராஜில். வெளியே வராதே.'

இந்தத் தடவை ரஸ் விடியும்வரை நிற்கவில்லை. கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். ஐஸில் இரண்டு தடவை விழுந்தான். முட்டி கிழிந்தது.

"க்ளென்டா! நான்தான், ரஸ்!"

தட்டு நின்றது.

அப்புறம் உள்ளே, உயரத்திலிருந்து... கறக். கறக்... கறக்.

கதவு இடுக்கு வழியாக வாடை வந்தது. நனைந்த கித்தான் வாடை. அதோடு தக்காளி சூப். ரஸ்ஸுக்குக் கையிலிருந்த கம்பி நழுவியது. கம்பி தரையில் விழுந்த அதே நேரம் உள்ளே ஏதோ அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது. மோட்டார் கொக்கி கழன்ற சத்தம் கேட்டது. அவன் தொடவில்லை... கதவு ஒரு முழம் மேலே போய் நின்றது.

குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தான். டார்ச்சை அடித்தான்.

க்ளென்டா கயிற்றுக்குப் பக்கத்திலேயே இல்லை. அந்தக் கோடியில், காரின் பின்சக்கரத்தில் சாய்ந்து, ராத்திரி கவுனோடு உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. அவளுக்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு.

கயிற்றுக்குக் கீழே இரண்டு பட்டையும் கிடந்தன. ரஸ் எடுத்துப் பார்த்தான். ஈரமாக இருந்தன. கத்தியால் வெட்டினதில்லை. கடித்தது. பல் பல்லாகப் பதிந்திருந்தது. வரிசையில் நடுவே ஒரு பல் மட்டும் பதியவில்லை.

"யாரு கடிச்சது? நீங்களா?"

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. உள்ளே வெறும் ஈறு.

ரஸ் தோளால் மோதிச் சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு போர்வை எடுக்க அவள் படுக்கை அறைக்கு ஓடினான். கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடி டம்ளர். அதற்குள் தண்ணீரில் பல் செட், மேல் வரிசையும் கீழ் வரிசையும். தண்ணீரின் மேலே பால் ஏடு மாதிரி ஐஸ் கட்டியிருந்தது. பற்களில் ஒரு கீறல் இல்லை.