இது எத்தனாவது சுற்று?

ரத்தக்கறை போக வேண்டுமென்றால் சட்டையைப் பச்சைத் தண்ணீரில்தான் ஊறப்போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டு, அப்புறம் எந்த சோப்புக்கும் அசையாது. இதை என் மனைவி கண்டுபிடிக்க இரண்டு வருடமும் ஏழு சட்டைகளும் ஆயின. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வெளிர்நீலச் சட்டை குளியலறை வாளியில் மூழ்கிக் கிடப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் உறுத்துவதில்லை. என் மகள் அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றுதான் பல் தேய்ப்பாள்.

எதையும் விடாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் விசாரணை அதிகாரி, எது தேவை எது தேவையில்லை என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நான் எதையும் கழிக்காமல் எழுதுகிறேன். பதினாறு வருடமாகத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு நடுவராக இருக்கிறேன். வாரநாட்களில் கண்ணாடிக் கடை. கண்ணைப் பரிசோதித்து, பவர் குறித்து, ஃப்ரேம் மாட்டிக் கொடுப்பேன். நடுவராக இருப்பவன் கண்ணாடிக் கடையும் வைத்திருந்தால் ரசிகர்கள் சும்மா விடுவார்களா. "கடையில ஒண்ணு எடுத்து நீயும் மாட்டிக்கய்யா" என்ற குரல் கேட்காத ஞாயிறு எனக்கு வாய்த்ததில்லை. முதல் சில வருடங்கள் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒருவர் அடிபட்டு விழுந்தால் நடுவர் பத்து வரை எண்ணுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டுக்குள் அவர் எழுந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. அவருடைய கையுறைகளில் தரைத்தூசி ஒட்டியிருக்கும். எதிராளியின் கண்ணில் அது விழக்கூடாது என்பதற்காக இரண்டையும் பிடித்து என் சட்டையில் துடைப்பேன். துடைக்கிற சாக்கில் முகத்துக்கு முகம் போய்க் கண்ணைப் பார்ப்பேன். மற்ற நடுவர்கள் அந்த நேரத்தில் "நல்லா இருக்கியா?" என்று கேட்பார்கள். அதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. மண்டை பிளந்திருந்தாலும் குத்துச்சண்டைக்காரன் அதற்குத் தலையாட்டுவான்.

நான் கேட்பது, "இது எத்தனாவது சுற்று?" தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி. சரியான பதில் வந்தால் நான் தலையாட்டிவிட்டு "பாக்ஸ்" என்பேன், சண்டை தொடரும். வராவிட்டால் இரண்டு கைகளையும் விரித்து ஆட்டுவேன், சண்டை அதோடு முடிந்தது. அரங்கத்தின் இரைச்சலில் பதில் எங்கள் இருவரைத் தவிர வேறு யார் காதிலும் விழாது. மற்றவர்களுக்கெல்லாம் என் தலையாட்டல்தான் பதில். இது நானே யோசித்து, பத்துப் பன்னிரண்டு வருடம் திருத்தித் திருத்தி உண்டாக்கிய முறை. குத்துச்சண்டைச் சங்கத்தின் கையேட்டில் இதற்கென்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. பெயர் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் "இரும்பு" என்று செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடப்பட்ட ஒருவருடைய சண்டையை இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தினேன். விழுந்தார், ஏழில் எழுந்தார். என் கேள்விக்கு "ம்" என்றார். இன்னொரு தரம் கேட்டேன், இன்னொரு "ம்". கைகளை விரித்தேன். அடுத்த நிமிடமே இரும்பு துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். பாட்டில்கள் பறந்து வந்தன. ஒருவர் தன் செருப்பை வீசினார், ஒன்றை மட்டும்.

மறுநாள் காலை தொலைக்காட்சியில் இரும்பு தண்டால் எடுத்துக் காட்டினார். "நான் என்ன செத்தா போயிட்டேன்? நல்லா பாத்துக்குங்க" என்று சிரித்தார். ஊரே சேர்ந்து சிரித்தது. சங்கத்து மருத்துவர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் ஒரு குத்து விழுந்திருந்தால் சொல்ல முடியாது, நீங்கள் செய்தது சரி என்றார். வெளியே சொல்வீர்களா என்று கேட்டேன். அது அவர் வேலையில்லையாம். யோசித்துப் பாருங்கள், நான் காப்பாற்றிய ஆள் உயிரோடு நடமாடுவதே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் நிறுத்தாமல் விட்டு அவர் செத்திருந்தால் என்னை யாரும் கோமாளி என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

எனக்கு "அவசரம்" என்று பெயர் வந்தது. கடையில் எழுத்துப் பலகையின் முதல் வரியைப் படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளர், "போதும் சார், நீங்கதான் சட்டுனு நிறுத்திடுவீங்களே" என்றார். அவருக்கு மீதி வரிகளையும் படிக்க வைத்துத்தான் அனுப்பினேன். ஒரு செவ்வாய்க்கிழமை கடையின் முன்கண்ணாடியில் கல் விழுந்தது. மைத்துனர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். பள்ளியில் என் மகளை "அவசரம் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். பதினொரு வயது. அவள் பள்ளிப் பேருந்தில் போவதை விட்டுவிட்டு நடந்து போகத் தொடங்கினாள், நாற்பது நிமிட நடை.

சங்கச் செயலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி காட்டினார். "உங்க முடிவு தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன் சார். ஆனா ஜனங்க பார்க்கத்தானே வர்றாங்க? கொஞ்ச நாள் ஓய்வா இருங்களேன்" என்றார். ஐந்து மாதம் ஓய்வாக இருந்தேன். தேய்த்து மாட்டிய நீலச் சட்டை கொக்கியிலேயே தொங்கியது. ஆறாவது மாதம் அவரே அழைத்தார், ஞாயிறு மதியம் எட்டுச் சுற்றுச் சண்டை ஒன்று இருப்பதாக. "இந்தத் தடவை கொஞ்சம் விட்டுப் பிடிங்க சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இதற்காக அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். எந்த அலுவலகத்திலும் தினமும் சொல்லப்படுகிற வார்த்தைதான்.

அன்று கிளம்பும்போது மகள் வாசலில் நின்று கேட்டாள். "இன்னிக்கு நிறுத்தமாட்டீங்க இல்லப்பா?" அவள் தலையைத் தடவிவிட்டு வந்தேன். குழந்தை மீது எந்தக் குற்றமும் இல்லை. எதையும் விடக்கூடாது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

இனி டிரைவரைப் பற்றி. சரக்கு லாரி ஓட்டுகிறவர் என்பதால் குத்துச்சண்டை வட்டாரத்தில் அவருக்கு அதுதான் பெயர். இருபத்தாறு வயது, மரியாதை தெரிந்தவர். சண்டைக்கு முன் உடைமாற்றும் அறையில் நான் விதிகளைச் சொல்ல, எழுந்து நின்றே கேட்டார். "சரிண்ணே" என்றார் ஒவ்வொன்றுக்கும். முதல் நான்கு சுற்றுகள் நன்றாகவே ஆடினார். ஐந்தாவதில் கால்கள் கனத்தன. ஆறாவதில் இடது காதுக்கு மேல் ஒரு குத்து வாங்கி விழுந்தார், எட்டில் எழுந்தார்.

கையுறைகளைத் துடைத்தேன். அவருடைய இடது கண்மணி வலதைவிடப் பெரிதாகியிருந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கண் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு, மண்டைக்குள் ரத்தம் கசிகிறது என்ற அதன் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கேள்வியைக் கேட்டேன், அவர் பதில் சொன்னார், நான் தலையாட்டினேன். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. பதினாறு வருடத்தில் எனக்காகக் கை தட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்பது விநாடியில் டிரைவர் மறுபடி விழுந்தார். இந்த முறை நான் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்தார்.

அந்த நாலு நாளும் மருத்துவமனையின் நடைபாதையிலேயே கிடந்தார் அவருடைய கோச். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நிறுத்தச் சொல்லலாம்னு மேடைப் படியில ஒரு கால் வெச்சுட்டேன் சார். நீங்க கேட்டீங்க, அவன் என்னமோ சொன்னான், நீங்க தலையாட்டுனீங்க. உங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு இறங்கிட்டேன். தப்பு பண்ணிட்டேனா சார்?"

"இல்லை" என்று அவர் தோளைத் தட்டினேன். அன்று மாலையே சங்கத்துக்கு அறிக்கை எழுதினேன். வீரர் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார் என்றும், கோச் தரப்பிலிருந்து எந்தச் சைகையும் வரவில்லை என்றும் எழுதினேன். இரண்டுமே உண்மை. டிரைவர் தெளிவாகத்தான் பேசினார், ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. அந்த அறிக்கையை வைத்துக் கோச்சின் உரிமத்தை ரத்து செய்தார்கள். அவரிடம் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இப்போது தன் பயிற்சிக்கூடத்தை அவர் தினமும் பெருக்கிப் பூட்டுகிறார் என்று கேள்வி.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் டிரைவரின் வீட்டுக்குப் போனேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. ஒரே அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. அவர் மனைவி ஏழு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைசியா உங்ககிட்டதான் பேசுனாராம். என்ன சொன்னாருண்ணே?"

இதற்கு நான் தயாராகப் போயிருக்கவில்லை. ஆனாலும் வார்த்தை தடையில்லாமல் வந்தது. "நிறுத்தாதீங்கண்ணே, நான் ஆடறேன்னு சொன்னாரும்மா."

அவர் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "அப்படியா சொன்னாரு" என்றார். பிறகு, "எங்க ரெண்டு பேரையும் ஒரு நிமிஷம் நெனைக்கல பாத்தீங்களா அந்த மனுஷன். கைதட்டுறவன்தான் பெருசாப் போயிட்டான். நீங்க என்ன பண்ணுவீங்க, அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு." சுவரில் மாட்டியிருந்த டிரைவரின் படத்தை என் கண்ணெதிரே கழற்றி, கண்ணாடிப் பக்கம் உள்ளே போகும்படி அலமாரிக்குப் பின்னால் செருகினார். என்னைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். நல்ல பெண்மணி. இறந்தவரோடு அன்றிலிருந்து அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று பிறகு கோச் சொன்னார். குழந்தையிடம் அப்பா பெயரை எடுக்கவும் விடுவதில்லையாம்.

இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் வாய் திறக்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் சென்ற மாதம் சங்கத்திலிருந்து எல்லா நடுவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. சரியான பதில் சொன்னவரே இறந்துபோனதால், கேள்வி கேட்டுத் தெளிவறியும் முறை நம்பத்தகுந்ததல்ல, கையேட்டிலிருந்து அந்தப் பக்கம் நீக்கப்படுகிறது என்று இருந்தது. நாலு தரம் படித்தேன். என்னை அவசரக்காரன் என்றபோதும், கல் எறிந்தபோதும் பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. முறையில் குறையே கிடையாது. அது இதுவரை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அன்றும் பொய்க்கவில்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாக்குமூலம்.

இதைப் படித்தபின் கோச்சின் உரிமத்தைத் திருப்பிக் கொடுங்கள். டிரைவரின் மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். எனக்கு அந்தத் தெருவுக்கு இன்னொரு தரம் போக நேரம் இருக்காது.

நடந்தது இதுதான். ஆறாவது சுற்றில், எட்டு எண்ணி முடித்ததும், கையுறைகளைத் துடைத்துக்கொண்டே டிரைவரின் காதருகே, "இது எத்தனாவது சுற்று?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து வெட்கப்படுகிற மாதிரி சிரித்தார்.

"மெதுவா பேசுங்கண்ணே. பாப்பா இப்பதான் தூங்குச்சு" என்றார்.

அவர் எங்கே இருக்கிறார் என்பது அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. கைகளை விரிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கைகளில் எந்தக் கோளாறும் இல்லை. நான் தலையாட்டினேன். படியில் கால் வைத்திருந்த கோச் இறங்கிப் போவதையும் பார்த்தேன். வழக்கமாக "பாக்ஸ்" என்பதை அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வேன். அன்று அவர் கேட்டுக்கொண்டபடி மெதுவாகத்தான் சொன்னேன்.