கடைசி வண்டி வரும்வரை

நல்ல பயணத்தைச் சாலையில் போடுவதில்லை தம்பி, சாப்பாட்டு மேசையில்தான் போட வேண்டும். வரைபடத்தை விரித்து, எந்த ஊரில் எந்தச் சண்டைக்கு எத்தனையாவது நினைவாண்டு என்று பார்த்துப் பார்த்துக் கோடு இழுப்பேன். எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் பாதை போடுகிறேன். டிசம்பரில், இரண்டாம் உலகப் போரில் எங்கள் ஆர்டென் காட்டில் நடந்த சண்டையின் நினைவுப் பயணம். பத்து வண்டிகள். கடைசி நிறுத்தம் எப்போதும் என் அப்பாவின் நினைவுக்கல்.

இரண்டு அமெரிக்கச் சிப்பாய்களை ஒன்பது நாள் தன் நிலவறையில் ஒளித்து வைத்த செலெஸ்தென் என்று அதில் பொறித்திருக்கும். பத்தாம் நாள் ஜெர்மானியர் வந்து அவர்களை இழுத்துப் போனார்கள். இத்தனை வீடு இருக்க, நேரே நம் வீட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று அம்மா அப்பாவிடம் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

ஃபிர்மென் எங்கள் சங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், வயது எழுபத்து நான்கு. நல்ல மனிதர்தான். அக்டோபரில் அவர் நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை போய்வந்தார். அதன்பின் சங்கக் கூட்டத்தில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவருடைய கோட்டின் உள்பையில் ஒரு நீலக் காகிதம். என்னைக் கண்டால் கை தானாக அங்கே போகும். என்ன அது என்று கேட்டேன்.

"எண்பதாவது வருஷமாச்சே கிஸ்லேன். கல்லுகிட்ட உங்கப்பாவைப் பத்தி நானும் ரெண்டு வார்த்தை சொல்றேன்."

"இப்பவே சொல்லேன்."

"அங்க வந்து கேட்டுக்க. முப்பது வருஷமா அடுத்தவங்க கடுதாசியப் பிரிச்சுப் பாக்காதவன் நான். உனக்காகவா பிரிக்கப்போறேன்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் புரட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்பம் வந்தால், முதல் வண்டிக்கு அடுத்து வருகிறவர் அங்கே நின்று மற்றவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். கடைசி வண்டி வந்து கையசைத்த பிறகுதான் அவர் நகரலாம். கடைசி வண்டி என்னுடையது. ஒருமுறை ஃபிர்மென் குளிர் தாங்காமல் முன்னாடியே கிளம்பிவிட்டார், இரண்டு பேர் வழிதவறினார்கள். தபாலை நடுவழியில் போட்டுவிட்டு ஓடிய தபால்காரர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதன்பின் எந்தத் திருப்பத்திலும் அவர் அசைந்ததில்லை.

இதயத்தில் இரண்டு அறுவை சிகிச்சை ஆனவர். குளிரில் நிற்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் இரண்டு வருடமாக அவரை எங்கும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டேன். என் பொறுப்பு அல்லவா. இந்த வருடம்தான் கேட்டேன்.

"ஒரே ஒரு திருப்பம். நிப்பியா, இல்ல ஓடிருவியா?"

"நீ வந்து கையாட்டுற வரைக்கும் மரமாட்டம் நிப்பேன், போ."

அவர் வரிசையில் ஐந்தாமவர். ஐந்தாமவருக்கு நான்காம் திருப்பம். மதியச் சாப்பாட்டு விடுதிக்கு முன் வரும் கடைசித் திருப்பம் காட்டுக்குள் இருக்கிறது. அது நான்காவதாக வரும்படி, அதற்கு முன்னால் இரண்டு திருப்பங்களைக் கூட்டினேன். அந்தப் பள்ளத்தில் கைப்பேசி எடுக்காது. ஆள் நடமாட்டமும் இல்லை.

காலை பதினொரு மணி. பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. அந்தத் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெட்டிய மரங்களை இழுத்துச்செல்லும் பாதையில் வண்டியைத் திருப்பி, சுற்றிக்கொண்டு விடுதிக்குப் போனேன். ஃபிர்மெனுக்கு முதுகுவலி, வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்றேன். பட்டாணி சூப் நன்றாக இருந்தது. அரிசி கேக் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்று மணிக்குக் கல்லுக்கு மாலை வைத்தோம். யாரும் அதிகமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்கரைக்கு நான் மட்டும் திரும்பிப் போனேன். வழிகாட்டிப் பலகையின் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டியின் வலப்பக்க விளக்கு, மற்றவர்கள் திரும்ப வேண்டிய பக்கம், மங்கலாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் நின்று கையசைத்தேன். விதி என்றால் விதிதானே. பிறகு உள்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு, விடுதிக்கு வந்து உங்கள் காவல் நிலையத்தை அழைத்தேன்.

கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

காகிதத்தில் என்ன இருந்தது என்று மறுபடியும் கேட்கிறீர்கள். விடுதி அடுப்பில் போட்டுவிட்டேன் என்று சொன்னேனே. பிரித்துப் பார்க்கவில்லை தம்பி. என் அப்பா மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.