குண்டனின் ஏழு தண்ணீர்க் கிண்ணங்கள்

எங்கள் வீட்டுப் பூனை என் சொல்லைக் கேட்டு மூத்திரம் போகும். போ என்றால் போகும், நில் என்றால் நிற்கும். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும், "சும்மா அளக்காதீங்கப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

வாக்குமூலம்தானே, எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. முப்பத்தொரு வருஷம் தண்ணீர் இலாகாவில் வால்வு திறந்து மூடியவன் நான். நான் சாவியைத் திருப்பாவிட்டால் நாலு தெருவில் ஒருவரும் முகம் கழுவ முடியாது. கல்யாண மாப்பிள்ளை ஒருவன் சோப்பு நுரையோடு என் காலில் விழுந்திருக்கிறான். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒரு ஈ கூட என்னைத் தேடி வரவில்லை.

அப்புறம் மகள் வந்தாள், தன் பூனை குண்டனோடு. அவனுக்குச் சர்க்கரை, போதாததற்கு மூத்திர அடைப்பு வேறு. வேளாவேளைக்கு ஊசி போட வீட்டில் ஆள் வேண்டும். "இவன் தேறினதும் எங்க வீட்டுக்குப் போயிடுறோம்ப்பா" என்றாள்.

கால்நடை டாக்டரம்மா சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்தேன். உலர் தீனியை நிறுத்தினேன். ஈரத் தீனியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கூழாக்கிக் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டை ஒட்டி வைத்தால் தண்ணீரைச் சீண்டமாட்டான் என்பதால் ஏழு கிண்ணம், ஏழு மூலை. குளத்தையே குடித்தான் பயல். இரண்டே மாதத்தில் ஊசியே வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலம் மகள் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

நான் அவனை ஒரு அடி அடித்ததில்லை. கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தேன், அவ்வளவுதான்; நாளுக்கு ஒன்றாக. அவள் வேலைக்குப் போனதும் சட்டைப் பையிலிருந்து உலர் தீனி கொடுப்பேன். என் கையிலிருந்தே தின்பான், தொண்டைக்குள் குறுகுறுவென்று சத்தம் போட்டபடி. ஒன்பதாம் நாள் மண் தட்டில் முதுகை வளைத்து உட்கார்ந்து முக்கினான். ஒரு சொட்டு வரவில்லை. மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க இல்லைன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?"

பெட்டி பரண்மேல் ஏறியது.

டாக்டரம்மா குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தார். நான் கிண்ணங்களை நிமிர்த்தினேன். போ என்றேன், போனான். மறுபடி பெட்டி இறங்கியது, மறுபடி நிறுத்தினேன். இது மூன்றாவது முறை. நேற்று ஏழு கிண்ணத்தையும் நிரப்பி, அவன் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் மூடிய எந்த வால்வும் திறக்காமல் போனதில்லை ஐயா. இதில் என் கைக்கோளாறு எதுவும் இல்லை.

இன்று காலை டாக்டரம்மா அவனைத் தலையோடு சேர்த்து ஒரு துண்டால் மூடினார். "உலர் தீனி யார் குடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"நம்பாதீங்க டாக்டர். அப்பாவுக்கு வாய்தான் நீளம். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்" என்றாள் மகள்.

சட்டைப் பையை மேஜைமேல் கவிழ்த்தேன். அவள் ஒரு உருண்டையை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்குங்க டாக்டர்" என்றாள். "அப்பா அளக்கலை. மூணு தடவையும் அவர்தான் நிறுத்தியிருக்கார்."