சென்டர் பேரிங் அறிக்கைக்கு ஒரு திருத்தம்

நேராக நிற்க வேண்டியதை நேராக நிறுத்தக் கற்றுக்கொண்ட அன்றுதான் மனித குலம் குகையைவிட்டு வெளியே வந்தது. இது என் வாக்கியம் இல்லை. எங்கள் பட்டறை முதலாளி எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டியிருப்பது. சட்டம் இடப்பக்கமாக இரண்டு விரற்கடை சாய்ந்து தொங்குகிறது. வருகிறவர்கள் தலையைச் சாய்த்துப் படிக்கிறார்கள். அவர்கள் வியந்துபோய்த் தலையாட்டுவதாக முதலாளி நினைத்துக்கொள்கிறார்.

நான் வந்த காரியம் சிறியது. என் மனைவியின் தம்பி இறந்துபோன விபத்தை விசாரித்து உங்கள் போலீஸ் அலுவலகம் தந்த அறிக்கையில், மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தினால் போதும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். தேநீர் கொடுத்தீர்கள், நன்றி.

இருபத்திரண்டு வருடமாக நான் மெக்கானிக். வாடிக்கையாளர்கள் என்னை 'டாக்டர்' என்பார்கள். வண்டிக்கு அடியில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். கண்ணை மூட வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் மூடாவிட்டால் ஆட்களுக்கு நம்பிக்கை வருவதில்லை.

சென்டர் பேரிங் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட இரும்புத் தண்டு, சில வண்டிகளில் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டும் சேருகிற இடத்தில், ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்து தண்டைத் தாங்குவதுதான் இந்த பேரிங். தேய்ந்தால் முனகும். முனகினால் நான் கிரீஸ் வைப்பேன். ஒரு வாரம் சத்தம் அடங்கும். ஒரு டாக்டரின் பெயர் ஊரில் பரவ ஒரு வாரம் தாராளம்.

மைத்துனனை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு பெரிய பட்டறையில் முறையாக வேலை கற்று வந்தவன். வந்த மூன்றாம் நாள், ஒரு வக்கீலின் காருக்கு நான் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குனிந்தான்.

“மாமா, இது சீல் பண்ணின பேரிங். வெளிய தடவுற கிரீஸ் உள்ள போகாது.”

“போகும் மாப்ள. மெதுவா போகும்.”

“எப்படி மாமா போகும்? தலைவலிக்குத் தொப்பி மேல தைலம் தேய்ச்ச மாதிரில்ல இருக்கு.”

வக்கீல் சிரித்தார். மைத்துனன் கேலிக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்டான். அதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. அன்று முதல் வக்கீல் வந்தால், “டாக்டரைத் தொந்தரவு பண்ண வேணாம், அந்தத் தம்பியைக் கூப்பிடுங்க” என்பார்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஹெட் மெக்கானிக் ஓய்வு பெற்றார். முதலாளி எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு கொள்கையை அறிவித்தார். “யார் பார்த்த வண்டி திரும்பி வரலையோ, அவர்தான் அடுத்த ஹெட் மெக்கானிக்.” மூன்று மாதத்தில் நான் பார்த்ததில் ஒன்பது வண்டி திரும்பி வந்திருந்தது. அவன் பார்த்ததில் ஒன்றும் வரவில்லை. சிலருக்கு அப்படி அதிர்ஷ்டம் அமைந்துவிடுகிறது.

வக்கீலின் காருக்கு பேரிங் மாற்ற வேண்டி வந்தது. மைத்துனன் தண்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். இரண்டு துண்டையும் பிரிக்கும் முன், சேருகிற இடத்துக்குக் குறுக்கே வெள்ளை பெயின்டால் ஒரு கோடு இழுத்தான். பிரித்த பிறகு ஒவ்வொரு துண்டிலும் பாதிக் கோடு நிற்கும். திரும்பச் சேர்க்கும்போது இரண்டு பாதியும் சந்திக்க வேண்டும். உள்ளே பல் பல்லாக இருக்கும். நான்கு பல் தள்ளிச் சேர்ந்துவிட்டால், வேகத்தில் தண்டு உதறும். உதறல் புது பேரிங்கைத் தின்னும், பிறகு ரப்பரை, பிறகு மற்றதை.

கோடு போட்டுப் பிரித்துவிட்டு, கை கழுவப் போனான். முழங்கைவரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவுகிறவன். எனக்கு நேரம் இருந்தது. பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் ஒரு துண்டிலிருந்த பாதிக் கோட்டைத் துடைத்தேன். நான்கு பல் தள்ளி வேறொன்று போட்டேன். அவன் கோட்டின் முனையைச் சிறிய வால்போல இழுத்து முடிப்பான். நானும் வால் வைத்தேன்.

வந்தான், கோட்டோடு கோட்டைச் சேர்த்தான், மாட்டினான்.

எட்டாம் நாள் வக்கீல் திரும்பி வந்தார். “தம்பி, வண்டி ஓடுறப்போ மூக்குக்கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குது” என்றார். மைத்துனன் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தான். போல்ட்டைச் சந்தேகித்தான், ரப்பரைச் சந்தேகித்தான், புது பேரிங்கையே சந்தேகித்து இன்னொன்று வாங்கி மாற்றினான். தன் கோட்டை மட்டும் சந்தேகிக்கவில்லை. மறுபடியும் அதே கோடு, அதே இடம். ஐந்தே நாளில் வண்டி மறுபடி வந்தது.

ஒன்பதுக்கு இரண்டு. கணக்குப்படி அவன்தான் வர வேண்டும். ஆனால் முதலாளிக்குக் கோர்ட்டில் ஒரு வழக்கு இருந்தது. “வக்கீல் வண்டி ஒண்ணு திரும்பி வந்தா பத்து வண்டி வந்த மாதிரி” என்று கொள்கையைச் சற்றே விரிவுபடுத்தினார். பதவி எனக்குத்தான் என்று ஜாடையாகச் சொல்லியும்விட்டார்.

அந்த இடத்தில் நான் கோட்டைப் பழையபடி மாற்றியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கக்கூடும். யோசித்தேன். மாற்றினால் உதறல் நின்றுவிடும். நின்றால் அவன் சரிசெய்துவிட்டதாக ஆகிவிடும்.

மறுநாள் மதியம் என் மனைவி எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். மைத்துனன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வக்கீல் காரின் சாவியோடு என்னிடம் வந்தான்.

“மாமா, எழுபதைத் தாண்டினாத்தான் உதறல் தெரியுது. ஹைவேல விட்டுப் பார்க்கிறேன். நீங்க பின்னாடி உட்கார்ந்து எங்கேயிருந்து வருதுன்னு சொல்லுங்க. எனக்குப் பிடிபடல. உங்களாலதான் முடியும்.”

“முட்டி வலிக்குது மாப்ள.”

“நான் வரேன்டா” என்றாள் என் மனைவி. “ஏன், இவருக்கு மட்டும்தான் காது இருக்கா?”

“அக்கா, சத்தம் கேட்டா உடனே சொல்லணும். தூங்கிடாத.”

“நீ ஓட்டுற லட்சணத்துக்குத் தூக்கம் ஒண்ணுதான் குறைச்சல்.”

அவள் ஏறினாள். எழுபதைத் தாண்டினால் அந்தத் தண்டு என்ன செய்யும் என்று பட்டறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். முன்துண்டு கழன்று சாலையில் ஊன்றினால் வண்டி தூக்கி எறியப்படும். எங்கள் பட்டறைக் கதவு உருளைமேல் நகருவது, பாதியில் சிக்கும். காவலாளி தள்ளினார். சிக்கியது. பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

ஆனால் சும்மா இருந்துவிடவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து, “நடுவுல உட்காராதே, ஓரமா உட்காரு” என்றேன். தண்டு நடுவில்தான் ஓடுகிறது.

“என்னங்க, திடீர்னு இவ்வளவு அக்கறை?” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இன்று உயிரோடு இருப்பதற்கு நான்தான் காரணம்.

கதவு திறந்தது. அவர்கள் போனார்கள். நான் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டைப் பிரித்தேன். மூன்று பேருக்கு இருந்தது. என் பங்கை மட்டும் சாப்பிட்டேன். மிச்சத்தை மூடிவைத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது.

மனைவிக்கு வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். “அவ்வளவு கவனமா இருப்பானே, எப்படித் தப்புப் பண்ணினான்?” என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “அனுபவம் பத்தல, விடு” என்று ஆறுதல் சொல்லிவருகிறேன். பதவி ஏற்றபோது அவனுக்காக ஒரு நிமிடம் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். முதலாளி கண் கலங்கினார்.

இனி மூன்றாம் பக்கம். 'இணைப்புக் குறி, தொழிற்பயிற்சி இல்லாத ஒருவரால் இடப்பட்டிருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு மனிதன் எத்தனை நாள்தான் பொறுப்பான்? அந்தக் குறி தற்செயலாக விழுந்தது இல்லை. அவன் கோட்டை அழித்தவன் நான். வேறு கோடு போட்டவனும் நான். அவன் ஓட்டப்போகிறான் என்று தெரியும், அவள் ஏறியதையும் பார்த்தேன். எல்லாம் தெரிந்து, அளந்து, இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ள கை செய்தது. 'பயிற்சி இல்லாத' என்பதை எடுத்துவிட வேண்டும்.

சற்று முன் இந்த வாக்குமூலம் எழுதுவதை நாம் நிறுத்திவைத்திருந்தபோது நடந்ததையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்கிறீர்கள். வழக்குக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் வாகன ஆய்வாளர் அதே வகைத் தண்டு ஒன்றை, குறி எதுவும் இல்லாமல், இரண்டு துண்டாக இந்த மேசைமேல் வைத்தார். சரியாகச் சேர்த்துக் காட்டச் சொன்னார். நேரக் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. விளக்கையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று முறை சேர்த்தேன். மூன்றும் தவறு.