எம்மிட் தர வேண்டிய ஒரு சென்ட்

எம்மிட் கோல் எனக்கு ஒரு சென்ட் தர வேண்டியிருந்தது. ஒரே ஒரு செப்புக் காசு. எங்கள் டென்னசி மலைப்பக்கத்தில் கத்தியை யாரும் சும்மா கொடுப்பதில்லை. வாங்குகிறவன் ஒரு சென்ட்டாவது கையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி சிநேகத்தை அறுத்துவிடும் என்பார்கள். நான் அவனுக்குப் பழைய மடக்குக் கத்தி ஒன்றைப் பரிசாகக் கொடுத்த அன்று அவன் பையில் சில்லறை இல்லை. "அடுத்த வாரம் தர்றேன்டா லூதரு, ஓடியா போயிடுவேன்?" என்றான்.

நான் கல் குவாரியில் சுமை ஏற்றுகிறவன். நாற்பது வயது வரை கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிதான் போட்டேன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் எம்மிட்டின் மனைவி நேடின். புத்தகத்தில் எனக்கு ஏறவில்லை என்று, எம்மிட் சேர்த்துவைத்திருந்த கத்திகளை மேசையில் பரப்பினாள். ஒவ்வொரு அலகின் கழுத்திலும் செய்த கம்பெனியின் பெயர் குத்தியிருக்கும். அதைத் தடவித் தடவிப் படித்தேன். எந்தக் கம்பெனி எப்போது எரிந்தது, எவன் கடனில் மூழ்கி எவனுக்கு விற்றான் என்றெல்லாம் எம்மிட் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வான். நேடின் சோள ரொட்டி வைப்பாள். நல்ல நாட்கள் அவை.

பிறகு நானும் சேர்க்க ஆரம்பித்தேன். ஒரு கோடை முழுக்க இரட்டை ஷிப்ட் பார்த்து, மான்கொம்புப் பிடி போட்ட ரெட்பர்ன் கத்தி ஒன்று வாங்கினேன். கத்திக்காரர்கள் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடுகிற சனிக்கிழமை அதை எம்மிட்டிடம் நீட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"அலகு ரெட்பர்ன்தான். உள்ள பாரு, நிக்கல் தகடு. அந்தக் கம்பெனி எரிஞ்சு சாம்பலாகுற வரைக்கும் பித்தளையைத் தவிர வேற போட்டதில்லடா. எவனோ ஒட்டுப்போட்டு உன் தலையில கட்டிட்டான்."

"பேரைப் படிச்சுத்தானே வாங்கினேன்."

"படிப்பு வந்து சேர்ந்துடுச்சு. புத்திதான் இன்னும் ரயில்ல வந்துக்கிட்டிருக்கு போல."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். எம்மிட் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தான். அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் நேடினுக்குச் சிறுநீரகம் கெட்டது. நாஷ்வில் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் தொடர்ந்து இடம் வேண்டுமானால் பெரிய தொகை கட்ட வேண்டும். எம்மிட் கத்திகள் அத்தனையையும் விற்க முடிவு செய்தான். ஒஹையோ வியாபாரி ஒருவன் பனி விலகியதும் வருவதாகச் சொன்னான். அதுவரை ஈரம் படாமலிருக்க, விளிம்பில் ரப்பர் வைத்த பழைய ராணுவப் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினான்.

அந்த வாரம்தான் என் பரிசைக் கொடுத்தேன். தேன் நிறத்தில், செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கில் செய்த பிடி. "இதையும் சேர்த்து வித்துக்க" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்லுலாய்டில் சிலது உள்ளுக்குள் அழுகி ஆவி விடும். மூடிய இடத்தில் பக்கத்திலிருக்கும் இரும்பையெல்லாம் அந்த ஆவி தின்றுவிடும். எம்மிட்டுக்கும் இது தெரியும். ஆனால் தோல் பதனிடும் ஆலையில் கிடந்து அவன் மூக்கு செத்துப் பல வருஷம். பெட்டிக்குள் போகிற பிடியை மோந்து பார்த்துச் சொல்கிறவள் நேடின். அவள் நாஷ்வில்லில் படுத்திருந்தாள்.

"நீ மோந்து சொல்லுடா. புளிப்பா ஏதாச்சும் அடிக்குதா?"

மூக்கருகே கொண்டுபோனேன். "ஒன்னுமில்ல. வை" என்றேன்.

என் பங்கு அவ்வளவுதான். பெட்டியை மூடியது அவன்.

வியாபாரி வந்து, பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். அலகெல்லாம் செம்மண் கட்டியாக இருந்தன. நான் எழுத்துக் கற்ற பெயர்களில் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. வியாபாரி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "ஈரம் ஏறுற கீழறையில பெட்டிய வச்சது என் தப்பு" என்றான் எம்மிட். அவன் தோளில் கை வைத்தேன். மே மாதம் நேடின் போய்விட்டாள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இதை எழுதக் கை கூசுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கத்தி இலையுதிர் காலம் முழுக்க என் சட்டைப் பெட்டியில் கிடந்தது. சட்டையெல்லாம் புளித்த வாடை. ஏன் என்று சேகரிப்பவர்களின் பத்திரிகை ஒன்றில் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். யார் துணையும் இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் பக்கம் அது. நேடின் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை காத்திருந்துதான் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் எம்மிட் குவாரி வாசலுக்கு வந்தான். ஒரு சென்ட்டை என் உள்ளங்கையில் வைத்தான்.

"கடைசி வரைக்கும் நச்சரிச்சாடா. 'லூதருக்குக் காசு குடுத்தியா, குடுத்தியா'ன்னு. உன் கத்தியும் பாழாப் போச்சு, பாவம். இந்தா, வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டிருந்தால் எங்கள் சிநேகம் அறுந்துபோயிருக்கும்.