இடப்பக்கம் வளைக்கும்போது

கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. என் முன் இருக்கையில் இரண்டு ஹோட்டல் சமையல்காரர்கள், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. மூத்தவர் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் காதைக் கொடுத்தேன்.

“வேலைக்குப் போவும்போது பைக்குக்கு ஒரு கொழப்பமும் இல்லடே. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் சாவும்.”

“எங்க வச்சு அண்ணாச்சி?”

“எங்க சந்துக்கு இடப்பக்கம் வளைக்கும்போது. லைட்டு, ஹாரன், எஞ்சின் எல்லாம் ஒண்ணா போயிரும். கொஞ்சம் கழிச்சு உதைச்சா ஓடும்.”

“ஒர்க்‌ஷாப்புல காட்டலியா?”

“மூணு இடத்துல காட்டியாச்சு. பேட்டரி, காயில், பிளக்கு எல்லாம் மாத்தினானுவ. அங்க ஸ்டாண்டுல நிறுத்தினா நாள் முழுக்க ஓடுது. வண்டிக்கு ஒண்ணுமில்ல, ஒமக்குத்தான் என்னமோன்னு சிரிக்கான். விடியதுக்கு முன்ன, வெளுப்பாங்காலத்துல வேலைக்குப் போவ பஸ்ஸும் கெடையாது. வண்டி இல்லன்னா எனக்கு வேலையும் இல்லடே.”

இளையவர் கொஞ்சம் யோசித்தார்.

“ஸ்டாண்டுல வச்சு ஹேண்டில இடப்பக்கம் திருப்பிப் பாத்தானுவளா?”

“இல்ல. நேராத்தான் நிப்பாட்டியிருந்தானுவ.”

“அப்ப ஹேண்டில் கழுத்துல ஒயர் அறுந்திருக்கும் அண்ணாச்சி. திருப்பினா விலகும், நேரானா ஒட்டும். எனக்க வண்டிக்கும் இதே கததான். கொண்டு வாங்க, நானே முறுக்கி டேப் சுத்தித் தாரேன்.”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கிளம்பி அட்டக்குளங்கரையைத் தாண்டியது.

“இனி சரியாவாதுன்னு காலையில ஆக்ரிக்காரனுக்கு வித்துட்டேன். வண்டிய பழைய இரும்போட ஏத்திட்டுப் போயிட்டான்டே,” என்றார் பிறகு. “ஏத்த தோதா இல்லன்னு ஹேண்டில எனக்க கண்ணு முன்னால அறுத்தான். சாவி வேணுமான்னுகூட கேக்கல்ல.”